பீலி நானாவின் ஒரே பிழை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த மனிதரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் என் வாயையும் சேர்த்துத்தான் பேசவேண்டி வரும்.

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கையில் பாதி வீடுகளுக்கு மழைப் பீலி கட்டியவர் அவர். கூரைத் தண்ணீர் கண்டபாட்டுக்கு முற்றத்தில் கொட்டாமல், தாழ்வாரத்தின் ஓரத்திலேயே ஏந்திக்கொண்டு போய்த் தெருவோரக் கானில் விடுகிற நீளத் தொட்டியைத்தான் நாங்கள் பீலி என்போம். அவருடைய பெயரை ஒருவரும் கேட்டதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற முஸ்லிம் மனிதர், ஐம்பது தாண்டிய வயது. முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், ஆகவே பீலி நானா. குள்ளமான ஆள். கட்டம் போட்ட சாரம், காதில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி நான் கண்டதில்லை.

மழையைப் பார்க்காமல் எந்த வேலையையும் ஏற்கமாட்டார். வெயில் நாளில் கூப்பிட்டால் வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மழ வரட்டும், வாறேன்” என்று திரும்பிவிடுவார். வானம் இருட்டினால் சொல்லாமல் கொள்ளாமல் குடையோடு வந்து நிற்பார். நடு முற்றத்தில் நின்று, கூரையிலிருந்து எந்த இடத்தில் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்று பார்ப்பார். தண்ணீர் குத்திக் குத்தி நிலத்தில் குழி விழுந்திருக்கும் அல்லவா, அந்தக் குழிகளில் ஈர்க்குக் குச்சிகளைக் குத்தி வைப்பார். மழை விட்டதும் அந்தக் குச்சிகளை வைத்துத்தான் அளவு. கொட்டாஞ்சேனையில் மழை என்று ஓடிவந்து பார்த்தால் வெள்ளவத்தையில் கொளுத்தும் வெயில் என்று இரண்டு முறை நடந்திருக்கிறது. அந்த இரண்டு முறையும் எங்கள் மழையைத்தான் ஏசினார், தன்னை அல்ல.

தன் வேலையில் அவருக்கு இருந்த நம்பிக்கையைப் பார்த்தால் சிலருக்குப் பத்திக்கொண்டு வரும். ஒழுங்கையின் முடிவில் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் இருந்தார். பீலிக்குச் சரிவு காணாது, நீர்மட்டம் வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஏணிக்குக் கீழே நின்று கதைத்துக்கொண்டே இருந்தார். நானா இறங்கி வந்தார். வீட்டுக்காரியிடம் ஒரு கிளாஸ் பிளேன்ரீ, பால் விடாத வெறும் தேத்தண்ணீர், கேட்டு வாங்கினார். ஏணியில் ஏறிப் பீலியின் மேல் முனையில் அதை ஊற்றிவிட்டு, வெறும் கிளாஸை எஞ்சினியரின் கையில் கொடுத்தார்.

“மத்தப் பக்கம் போய்ப் புடிங்க சேர்.”

போய்ப் பிடித்தார். பிளேன்ரீ அத்தனையும் கிளாஸுக்குள் வந்து சேர்ந்தது. நானா அதை வாங்கி ஒரே இழுப்பில் குடித்துவிட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கினார். எஞ்சினியர் அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அன்றிலிருந்து அதுவே நானாவின் வழக்கமாகிவிட்டது. எந்த வீட்டில் வேலை முடிந்தாலும் ஒரு பிளேன்ரீ. ஊற்றி, பிடித்து, குடித்தால்தான் வேலை முடிந்ததென்று அர்த்தம். போட்ட பீலிக்குத் திருத்தம் செய்யத் திரும்பி வந்த சரித்திரமே அவருக்கு இல்லை.

எங்கள் வீட்டுக்கு அவரைக் கூப்பிட்டது சும்மா அழகு பார்க்க அல்ல, பயத்தில்.

அப்பா கொழும்பில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வாங்கிய வீடு அது. அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில். யுத்தத்தில் பாதை மூடிக் கிடந்தது. நான் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் டைப்பிஸ்ட். தனியாகத்தான் இருந்தேன். அந்த வருடத் தொடக்கத்தில் என் தம்பி எப்படியோ வந்து சேர்ந்தான். இருபத்துநாலு வயது. கனடாவில் இருந்த அண்ணா அவனைக் கூப்பிட ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். கடதாசிகள் வரும்வரை அவனைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டியது என் பொறுப்பு. கொழும்பில் தங்கப் பொலிஸில் பதிந்த துண்டு கையில் இருந்தது, ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கவேண்டும். எங்களைப் பற்றி ஒரு முறைப்பாடு போனால் போதும், துண்டும் இல்லை, தம்பியும் இல்லை என்று ஆகிவிடும். அந்த வயதுப் பெடியன்கள் பிடிபட்டால் எந்தச் சிறை மறியலில், எத்தனை மாதம் என்று ஒருவராலும் சொல்லமுடியாது. அவன் வீட்டைவிட்டு வெளியில் போவதில்லை. யன்னலைக்கூட நான் திறக்க விடுவதில்லை.

இந்த நிலையில்தான் அடுத்த வீட்டு நோனா ஆரம்பித்தார். ஆசுபத்திரியில் தலைமைத் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற சிங்களப் பெண்மணி; நோனா என்றால் அம்மணி மாதிரி. தனியாக இருந்தார். எங்கள் கூரையின் ஒரு பக்கத் தண்ணீர் முழுவதும் மதிலுக்கு மேலால் பாய்ந்து அவருடைய சமையல்கட்டான குசினியின் வாசலில் விழும். வருடக்கணக்காக விழுந்துகொண்டுதான் இருந்தது. அந்த முறை குசினிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மதிலடிக்கு வந்து நின்று, இன்னொரு மழைக்கு இப்படி வந்தால் பொலிஸில் போய்ச் சொல்லுவேன் என்று சிங்களத்தில் கத்தினார்.

அன்று இரவு முழுவதும் ஒரு வாளி மழைத்தண்ணீரால் தம்பியைப் பறிகொடுக்கப் போகிறேனே என்று இருந்தது.

நானா வந்தார். நல்லவேளை, அன்றே மழையும் வந்தது. குடையோடு நின்று பார்த்தார். பிறகு, “இந்தப் பக்கத்தால ஒண்டும் தெரியுதில்ல. அந்த நோனாட வளவுக்குப் போவணும்” என்றார்.

“ஐயோ வேண்டாம் நானா. அவவோடை எங்களுக்குக் கதை பேச்சில்லை. நீங்கள் இஞ்சாலை நிண்டே போடுங்கோ.”

“தண்ணி விழுறது அங்க. இஞ்ச நிண்டு என்னத்தப் பாக்குறது?”

சொல்லிக்கொண்டே படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார். இதுவும் அவருடைய குணம்தான். எந்த வீட்டுக்குப் பீலி போட்டாலும் முதலில் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டு கதைத்துவிட்டுத்தான் ஆணி அடிப்பார். தண்ணீரைப் பக்கத்து வளவுக்குள் திருப்பிவிடச் சொன்ன சட்டத்தரணி ஒருவரின் வீட்டில் ஏணியைத் தூக்கிக்கொண்டு பாதி வேலையில் இறங்கிப் போனவர். நான் யன்னல் இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். அரை மணித்தியாலம் அங்கே நின்று நோனாவோடு சிங்களத்தில் கதைத்தார். நோனா மதிலைக் காட்டினார், கூரையைக் காட்டினார், தன் வளவில் நின்ற ஜம்பு மரத்தைக் காட்டினார். பிறகு பார்த்தால் இரண்டு பேரும் குசினி வாசலில் குந்தியிருந்து தேத்தண்ணீர் குடிக்கிறார்கள்.

திரும்பி வந்தவர் கேட்டது பீலியைப் பற்றி அல்ல.

“கொடியில ரெண்டு ஷேர்ட் காயுது. யாரு வீட்டில?”

தம்பி என்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், கடதாசிகளுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான், வெளியில் போவதில்லை என்றேன். அவர் கேட்டது ஒரு வரி, நான் சொன்னது முழுக் கதை. என் வாய் அப்படி. நானா தலையை ஆட்டிவிட்டு, அறைக் கதவுக்குப் பின்னால் நின்ற தம்பியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான்.

என்ன பீலி என்பதிலும் எங்களுக்குள் சண்டை. எனக்குத் தகரம்தான் பிடிப்பு. ஊரில் எங்கள் வீட்டில் தகரப் பீலி நான் பிறக்கமுன்பே போட்டது, அப்படியே இருந்தது.

“தகரத்திலை போடுங்கோ நானா. பிளாஸ்டிக் சாமானை நம்பேலாது.”

“ஒங்கட ஊட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்? இந்த உப்புக் காத்துக்குத் தகரம் மூணு வருசம் நிக்காது. கொட்டாஞ்சேனையில கேட்டா தகரம் செல்லுவேன். இஞ்ச பிவிசிதான். பிராக்கெட் மட்டும் மூணடிக்கு ஒண்டு இல்ல, ரெண்டடிக்கு ஒண்டு.”

“அப்ப வெள்ளை நிறத்திலை...”

“வெள்ள பாசி புடிக்கும். மண்ணிறம்.”

நான் வாயை மூடினேன். அது அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

கொட்டாஞ்சேனைக் கடையில் ஒவ்வொரு பீலியையும் ஒரு முனையில் பிடித்துத் தூக்கி, மற்ற முனை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்துத் தானே தெரிந்தெடுத்தார். முச்சக்கர வண்டியின் கூரையில் கட்டிக்கொண்டு வந்தார். காலி வீதியில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. பன்னிரண்டடி நீளச் சாமானோடு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். “பீலி தொறந்த சாமான் தங்கச்சி. உள்ளுக்க என்ன ஈக்குதெண்டு நிண்ட எடத்திலயே பாத்துக்குவான். கொழாய்தான் கரச்சல். அது கடை லொறியில வரும்” என்றார். சொன்னபடியே வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்தது. நான் வேலைக்குப் போகாமல் லீவு போட்டு நின்றேன். பிளேன்ரீயோடு முற்றத்துக்கு வந்தேன். நானா ஏற்கனவே இறங்கிச் சாமான்களைக் கட்டிவிட்டார்.

“இண்டைக்கு டீ வேணாம் தங்கச்சி. ஜும்மாவுக்குப் போவணும்.”

வெள்ளித் தொழுகைக்குப் போகிற மனிதரை மறிக்கலாமா? சரி என்று விட்டுவிட்டேன். அந்தப் பிளேன்ரீயை நானே குடித்தேன். காலை ஒன்பதரை மணி இருக்கும்.

அடுத்த கிழமை மழையில் நோனாவின் குசினி வாசலில் தண்ணீர் வழிந்தது. முன்பு போல வெள்ளமாக அல்ல, ஆனால் வழிந்தது. ஜம்பு மரத்து இலையும் பூவும் பீலியின் பின்பக்கத்தில் தேங்கி நின்று அடைத்துவிட்டன.  பொதுத் தொலைபேசிக்கு ஓடி, கொட்டாஞ்சேனைக் கடைக்கு எடுத்து நானாவைப் பிடித்தேன்.

“நானா, தண்ணி நிக்குது. அவ பொலிசுக்குப் போகப்போறா.”

“போவ மாட்டா. நான் பேசி ஈக்கிறேன். எல அவட மரத்து எல. ஒங்கட தம்பி சனிக்கிழமைக்குச் சனிக்கிழம போய்ச் சுத்தம் பண்ணுவாரெண்டு செல்லிட்டேன்.”

“நீங்கள் வந்து சரிவைத் திருத்துங்கோவன்.”

“அது அப்புடித்தான். தம்பிய அனுப்புங்க. ஏணி அந்தப் பக்கத்தாலதான் வைக்கணும், ஞாபகம்.”

எங்கள் பக்கத்தில் மதில் ஒட்டி நின்றதால் ஏணி வைக்க இடமில்லை என்பது உண்மைதான். வேறு வழி இல்லை. முதல் சனிக்கிழமை தம்பியை அனுப்பிவிட்டு நான் வாசலிலேயே நின்றேன். அவனுக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. நோனா கீழே நின்று கையைக் காட்டிக் காட்டி அவனை ஏசினார். அவன் இலையை அள்ளிப் போட்டான். இரண்டாம் சனிக்கிழமையும் ஏச்சு. ஒரு மாதத்தில் கொள என்றால் இலை, வத்துர என்றால் தண்ணீர் என்று படித்துவிட்டான். பிறகு அவருடைய கதவுக் கொண்டி, சுவர் மணிக்கூடு, பல்ப் எல்லாம் அவன் கையால் திருத்தமாகின. திரும்பி வரும்போது சட்டைப்பை நிறைய ஜம்புப் பழம் இருக்கும். “அக்கா, அவ நல்லா ஏசுவா. ஆனா ஏசிப்போட்டுச் சாப்பிடத் தருவா” என்பான்.

எனக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. ஒளித்து வைக்கவேண்டிய பிள்ளையைக் கிழமைக்கு ஒருநாள் ஏணியில் ஏற்றி ஊருக்குக் காட்டவேண்டி வந்துவிட்டதே. சும்மா இருந்தேனா? நானாவுக்குச் சரிவு பிழைத்துவிட்டது என்று ஒழுங்கை முழுவதும் சொன்னேன். எங்கள் வீட்டில் மட்டும் பிளேன்ரீ ஊற்றாமல் ஓடினவர், வேலை பிழை என்று தெரிந்துதான் ஓடினார் என்று எஞ்சினியரிடம் தேடிப்போய்ச் சொன்னேன். அந்த மனிதருக்குப் பத்து வயது குறைந்த மாதிரிச் சந்தோஷம். அவர் தன் பங்குக்கு நாலு பேரிடம் சொன்னார். பீலி போட இருந்த இரண்டு வீட்டுக்காரர் வேறு ஆளைப் பிடித்தார்கள்.

நானா ஒழுங்கைக்கு வரும்போதெல்லாம் எங்கள் படலையடியில் நிற்பார். நான் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பேன். அவர் கேட்பது ஒன்றுதான். “தம்பி ஈக்கிறாரா? சனிக்கிழம போறாரா?” போகிறான் என்பேன். “நல்லம்” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். செய்த பிழைக்கு ஒரு சொல் வருத்தம் இல்லையே, என்ன திமிர் என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வருடம் மழை தொடங்குகிற மாதம். ஒரு ஞாயிறு காலை விடிந்து பார்த்தால் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள். சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லாரும் அடையாள அட்டையோடு சந்திக்கு வரச் சொன்னார்கள். தம்பியும் போனான். நான் பின்னால் ஓடினேன். அவனுடைய துண்டு முடிந்து நாலு நாள். புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம், இன்னும் வரவில்லை. அதிகாரி அவனை வரிசையிலிருந்து வெளியில் எடுத்து ட்ரக் வண்டிப் பக்கம் நிறுத்தினார். கொழும்பில் உனக்கு என்ன வேலை, உன்னை யாருக்குத் தெரியும் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கப்பல் கம்பனிக் கந்தோரில் நாள் முழுவதும் கதைக்கிற நான். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. 

அப்போதுதான் நோனா வந்தார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் ஈர்க்குமாற்றைக்கூடக் கீழே போடாமல் வந்தார்.

“மே மல்லி அபே பீல்ல சுத்த கரன கெனா” என்றார். இந்தத் தம்பி எங்களுடைய பீலியைச் சுத்தம் செய்கிறவன்.

எத்தனை நாளாகத் தெரியும் என்று அதிகாரி கேட்டார். போன வருடம் வெசாக் பண்டிகைக்கு முதலிலிருந்து என்றார் நோனா. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வீட்டுக்கு வருகிறான், கதவு மணிக்கூடு எல்லாம் இவன்தான் திருத்தினான், இவனைக் கொண்டுபோனால் மழைக்கு என் குசினிக்குள் தண்ணீர் வரும், நீங்களா வந்து இறைப்பீர்கள் என்று கேட்டார். வார்ட்டில் தாதிமாரை ஏசிய அதே குரல்தான். அதிகாரி தம்பியிடம் ஏதோ கேட்டார். தம்பி சிங்களத்தில் பதில் சொன்னான். தட்டுத்தடுமாறித்தான், ஆனால் சொன்னான். அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நோனாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். “அழுகிறதை விட்டுவிட்டு அவனை இன்றைக்கே அனுப்பு. நேற்று வரவில்லை, இலை நிறைந்து கிடக்கிறது” என்றார்.

மூன்று மாதத்தில் கடதாசிகள் வந்தன. தம்பி விமானம் ஏறினான். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று கோல் வந்த பிறகுதான் நான் ஒழுங்காக நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் நானா படலையடியில் நின்றார். வழக்கமான கேள்விதான். “தம்பி ஈக்கிறாரா?”

“அவன் போயிற்றான் நானா. கனடாவிலை. நேற்றுத்தான் கோல் எடுத்தவன். இனி ஆர் ஏறி இலை அள்ளுறது? நானோ?”

“போய்ச் சேந்துட்டாரா? நல்லாத் தெரீமா?”

“ஓம். அண்ணாவோடை நிக்கிறான்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றவர், கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “நாளைக்கு வாறேன்” என்றார்.

காலையிலேயே ஏணியோடு நோனாவின் வளவுக்குப் போனார். நானும் போனேன். இப்போது எனக்கு அங்கே போகப் பயம் இல்லை. நானா ஏறிப் பின்பக்கத்திலிருந்து மூன்றாவது பிராக்கெட்டில் இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். பிராக்கெட்டை அரை அங்குலம் உயர்த்தினார். அதே திருகாணிகளைத் திரும்ப முறுக்கினார். புதிய துளைகூடப் போடவில்லை. துளை ஏற்கனவே அங்கே இருந்தது, போன வருடமே போட்ட துளை.

பிறகு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பீலியைக் கழுவினார். “இப்பத் தாங்க, பிளேன்ரீ” என்றார்.

நான் போய் ஊற்றிக் கொண்டுவந்தேன். மேல் முனையில் ஊற்றிவிட்டு வெறும் கிளாஸை என் கையில் கொடுத்தார். முன்பக்கம் போய்க் குழாய்க்குக் கீழே பிடித்தேன். கிளாஸ் நிறைந்தது. நான் கிளாஸைச் சரித்துப் பிடித்தபடியால் கொஞ்சம் சிந்தியது, அது அவருடைய பிழை அல்ல.

“நானா, அண்டைக்கு ஜும்மா எண்டு போனீங்கள். ஜும்மா மத்தியானமெல்லோ, ஒன்பதரைக்கு ஜும்மாவோ?”

அவர் கிளாஸை வாங்கினார்.

“பதினாறு மாசம். நான் ஒழுங்கை முழுக்க உங்களைப் பற்றி என்னவெல்லாம் சொல்லித் திரிஞ்சன் தெரியுமோ?”

“தெரீம். ரெண்டு ஊட்டு வேல போச்சு. எஞ்சினியர் சேர் சிரிச்சதும் தெரீம்.”

“அப்ப ஏன் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

நானா பிளேன்ரீயைக் குடித்து முடித்தார். எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“பெடியன ஒளிச்சு வெச்சா யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாட்டி, ஒரு நாளைக்குப் புடிபட்டா பேச யாரும் வர மாட்டாங்க. அதுக்குத்தான் சரிவக் கொறச்சு, நோனாட வளவுல ஏணி வெச்சது. இத ஒங்ககிட்ட செல்லி ஈந்தா நீங்க அண்டைக்கே ஒழுங்கை முழுக்கச் செல்லி ஈப்பீங்க. நோனா காதிலயும் விழுந்து ஈக்கும். ஒங்கட வாய் அப்புடி தங்கச்சி.”

 ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போனார். அன்று பின்னேரமே எஞ்சினியர் வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். பீலி நானாவின் வேலையில் பிழை இல்லை, நான்தான் இலை அள்ளாமல் விட்டுவிட்டு அவர்மேல் பழி போட்டேன் என்று சொன்னேன். அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. நோனா இருந்தவரை அவருக்கும் சொல்லவில்லை. இப்போது அவர் இல்லை, நானாவும் இல்லை, அந்த இரண்டு வீடுகளும் இல்லை. முதல்முறையாக இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறேன்.